இன்னும் ஓர் ஆள்

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்ரென்று எதையோ பாறையில் இழுக்கிற சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி இழுக்கும்.

மலைமேல் இருந்த கல்மடத்துக்குள் மரகதம் மடியில் தூங்கிய பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். மலையில் வைத்துப் பெயர் சூட்ட வேண்டுமென்று தூக்கி வந்த பிள்ளை. பகலெல்லாம் ஏறிய கால்கள் யாருடையவோபோல் மரத்துக் கிடந்தன.

"அம்மா, கதவைச் சாத்திடட்டுமா?"

குரு சடையம்மை வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தார். வழியில் பிசகிய கணுக்கால் வீங்கியிருந்தது.

"இன்னும் ஓர் ஆள் வரணுமே."

ஆள் என்று அவர் சொன்னது நாயை. அடிவாரத்தில் முதல் சோற்றுருண்டையை வாங்கித் தின்கிற நாயும் கூட ஏறுகிறவர்களில் ஒருவர் என்பது அந்த மலையின் வழக்கம். கூட ஏறினவர்கள் எல்லாரும் உள்ளே வந்த பிறகுதான் மடத்தில் தாழ் போடுவார்கள்.

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது வராதும்மா. சுனைகிட்ட ஒரு புதர்ல கட்டிப்போட்டுட்டேன், என் துப்பட்டாவால. நாய் வாசத்துக்குத்தானே சிறுத்தை வரும்? கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"சரி."

"திட்டிடுங்கம்மா."

"திட்டுறதுக்கும் தெம்பு வேணுமே, தாயி."

சத்தம் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது.

"உங்களுக்குப் பயமே கிடையாதா? நான் எப்பத்தான் உங்களை மாதிரி ஆவேன்?"

சடையம்மை கையை நீட்டினார். "தொட்டுப் பாரு."

அந்தக் கை சில்லிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்புறம் எதுக்கும்மா வாசல்லயே உட்கார்ந்திருக்கீங்க?"

"கீழ போய்க் கூட்டிட்டு வரக் கால் இல்லை. உட்காரத்தானே முடியும்?"

சத்தம் வாசலில் வந்து நின்றது. மரகதம் பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

நாய்தான். கழுத்தில் அவளுடைய துப்பட்டா. அதன் மறுமுனையில் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த புதர். முள் கிழித்த காதில் ரத்தம்.

குருவின் காலைத் தாண்டி நேராக மரகதத்திடம் வந்தது. பிள்ளையின் பாதத்தை முகர்ந்து பார்த்தது. அவள் முட்டியில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

அவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தாள். அவிழ்க்க நெடுநேரம் ஆயிற்று.

சடையம்மை காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எல்லாரும் வந்தாச்சு. இப்பப் போடு."

மரகதம் எழுந்துபோய்த் தாழைப் போட்டாள்.