சந்தேகம் பிடித்த செந்நாய்

நாணல் ஓடைக் காட்டில் சூரப்பன் என்றொரு செந்நாய் காவல் தலைவனாக இருந்தது. காட்டில் எது காணாமல் போனாலும் பொழுது சாய்வதற்குள் யாரையாவது பிடித்துவிடும். காணாமல் போனது மட்டும் கிடைக்காது.

அந்தக் காட்டில் ஒரு முறை உண்டு. யாரைப் பிடித்தாலும், ஏன் பிடித்தோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். மறுநாள் விடிவதற்குள் நடுவர் யானையின் முன் நிறுத்த வேண்டும்.

இதைக் கேட்டாலே சூரப்பனுக்கு எரிச்சல். காரணம் தேடிக்கொண்டு நின்றால் கள்ளன் காடு தாண்டிவிடுவான், முதலில் பிடி, காரணம் பின்னாலேயே வரும் என்று காவலர்களுக்குப் பாடம் நடத்தியது. கைதிகளோடு பேசக் கூடாது என்றும் உத்தரவு போட்டது. ஆலம் விழுதுகளால் பின்னிய சிறை நிரம்பி வழிந்தது. மரத்தைக் கொத்தியதற்காக மரங்கொத்தி உள்ளே இருந்தது. சும்மா இருந்ததற்காக ஆமை உள்ளே இருந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் முள்ளையன் என்ற முள்ளம்பன்றி மூச்சிரைக்க ஓடிவந்தது. "ஐயா, உங்க…" என்று வாயெடுப்பதற்குள் சூரப்பன் பாய்ந்து மறித்தது.

"ராத்திரியில திரியிற ஆளுக்குப் பட்டப்பகல்ல என்ன வேலை? உள்ளே போடு!"

முள்ளையன் ஏதோ கத்தியது. உள்ளே போகிறவர்கள் கத்தத்தான் செய்வார்கள் என்று சூரப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வீடு திரும்பினால் குட்டியைக் காணோம். தவமிருந்து பெற்ற ஒற்றைக் குட்டி. ஊரையே நடுங்க வைத்த சூரப்பனுக்கு நெஞ்சு நடுங்கியது. புதர் புதராகத் தேடியது. குட்டி ஓடையைத் தாண்டி ஓடியதைப் பார்த்ததாக மயில் சொன்னது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு மயிலையும் உள்ளே போட்டது. பழக்கதோஷம்! அதன் பிறகு காட்டில் ஒருவருக்கும் கண் தெரியவில்லை. அணிலைக் கேட்டால் தூங்கிவிட்டேன் என்றது. குரங்கைக் கேட்டால் தனக்குப் பார்வை மங்கல் என்றது.

இரண்டு விடியல் கழிந்தது. சோறு தண்ணீர் இல்லாமல் சூரப்பன் நடுவர் யானையிடம் ஓடியது. இன்னும் நிறையக் காவலர்கள் வேண்டும், காட்டில் உள்ள எல்லோரையும் பிடித்து அடைக்க அனுமதி வேண்டும் என்று அழுதது.

அங்கே முள்ளையனின் மனைவி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. வெளியே போன கணவன் வீடு திரும்பவில்லை, பிடித்தார்களா, செத்தாரா என்று சொல்வார் இல்லை என முறையிட வந்திருந்தது.

சூரப்பனைப் பார்த்ததும் அது மெதுவாகச் சொன்னது: "உங்க பிள்ளை ஓடைக்கு அந்தப் பக்கம் பாழுங்குழியில கிடக்கு. கிழங்கு போட்டுக்கிட்டிருக்கேன். உசிரோட இருக்கு."

"அடிப்பாவி! இதை ஏன் என்கிட்ட வந்து சொல்லலை?"

"சொல்லத்தானே என் வீட்டுக்காரர் வந்தார்? இன்னும் திரும்பலையே, ஐயா."

யானை எழுந்து குழியை நோக்கி நடந்தது. தும்பிக்கையை உள்ளே விட்டுக் குட்டியைத் தூக்கி வெளியே வைத்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் அல்லவா? செந்நாய்க் குட்டியின் வாயெல்லாம் கிழங்கு. சூரப்பன் அதைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டு அழுதது.

"முள்ளையனை விடு. ஆனால் முறைப்படி விடு. முதலில் அவனைப் பிடித்த காரணத்தை அவனிடம் சொல்" என்றது யானை.

சூரப்பன் சிறைவாசலில் வெகுநேரம் நின்றது. உள்ளே இருந்த அத்தனை பேரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே வரும் என்று சொன்ன காரணம் வரவே இல்லை.

பிடிக்கிற கைக்குப் போட்ட வரம்பு, பிடிபட்டவனை மட்டுமல்ல, பிடித்தவனையும் சேர்த்தே காக்கும்.