மிதந்த மெழுகு

கல்லூரி அருங்காட்சியகத்தைக் கூட்டித் துடைப்பவள் தையல்நாயகி. அன்று வெளியூர் விருந்தினர்கள் முன்னால் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார் பேராசிரியர் தெய்வசிகாமணி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே பழுப்பு நிறத்தில் இரண்டு கட்டிகளும், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெயர்ச் சீட்டும் இருந்தன.

"துடைக்கும்போது சீட்டை மாற்றி வைத்துவிட்டாய். இடதுபக்கம் இருப்பதுதான் ஓசோகெரைட். வலதுபக்கம் பழுப்பு நிலக்கரி."

"நான் சீட்டைத் தொடவே இல்லீங்கய்யா."

"அப்படியானால் நிரூபி. கீறக்கூடாது, உடைக்கக்கூடாது, நெருப்பும் காட்டக்கூடாது. முடியாவிட்டால் நாளை முதல் வேலைக்கு வராதே."

அவள் புருஷன் போன பிறகு அந்த வேலைதான் வீட்டுக்குச் சோறு.

"அய்யா, அந்தப் பேரு என் வாயில நுழையல. அது என்ன பொருளுங்க?"

"மண்ணுக்கடியில் தானாக உறைந்த மெழுகு" என்றார் அவர், விருந்தினர்களைப் பார்த்து.

"நம்ம மெழுகுவத்தி மாதிரி தண்ணியில மிதக்குமாங்க?"

"மிதக்காமல் என்ன? இதுகூடத் தெரியாதா?"

தையல்நாயகி வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நீங்களே போடுங்கய்யா. அப்புறம் நான் மாத்திட்டேன்னு பேச்சு வரக்கூடாது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. இடதுபக்கக் கட்டியைப் போட்டார். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. வலதுபக்கக் கட்டியோ மேலே வந்து மெல்லச் சுழன்றது.

விருந்தினர் ஒருவர் குனிந்து சீட்டைப் படித்தார். "சீட்டு சரியாகத்தானே இருக்கிறது?"

தையல்நாயகி கட்டிகளைத் துடைத்து வைத்துவிட்டு, பேராசிரியரிடம் "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணுங்கய்யா?" என்று கேட்டாள்.