வாசலை அடைத்த ஓவியங்கள்

கடல் நடுவே ஒரு குட்டித் தீவு. அங்கே ஒரு கழுதை, ஓர் ஆடு, ஒரு நண்டு, ஓர் ஆமை நான்கும் கூடி வாழ்ந்தன. கூழைக்கடாப் பறவைகள் தினமும் கூட்டமாக அந்தத் தீவின் மேலே பறந்து போகும். ஒருநாள்கூட இறங்கியதில்லை.

“இங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று சொல்லிக்கொண்டே போய்விடும்.

ஆட்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஓவியக் கண்காட்சி வைப்போம்! அவர்களை அழைப்போம்!” என்றது.

பனந்தோப்பில் கண்காட்சி என்று முடிவானது. தோப்பைச் சுற்றிலும் முள்வேலி; மேலிருந்து இறங்க முடியாதபடி பனையோலைகள் மூடியிருந்தன. உள்ளே போக இரண்டு பனைகளுக்கு நடுவே ஒரே ஒரு வாசல். படங்களை மாட்டும் வேலை கழுதைக்கு வந்தது. அதற்குத்தானே உயரம் எட்டும்! பாவம், யார் எது கேட்டாலும் அதற்கு மறுக்கத் தெரியாது.

முதலில் ஆடு வந்தது. வாழை இலையில் மஞ்சளால் தன் முகத்தையே வரைந்திருந்தது.

“கழுதையண்ணே! என் படத்தை வாசல்லயே மாட்டுங்க. வந்ததும் என் முகத்துலதான் முழிக்கணும்!”

“சரி!” என்றது கழுதை.

அடுத்து நண்டு பக்கவாட்டில் ஓடி வந்தது. அதன் படத்தில் சூரியனும் பக்கவாட்டிலேயே உதித்தது.

“வாசல்ல என்னோடதுதான் இருக்கணும்ணே!”

“சரி!”

கடைசியாக ஆமை ஒரு பனை மட்டையை இழுத்து வந்தது. அதில் வெறும் புழுதிதான் தெரிந்தது.

“படத்துல யாரையும் காணோமே அக்கா?”

“நான்தான் தம்பி! அவ்வளவு வேகமா ஓடிட்டேன்! இதை வாசல்ல மாட்டிடு.”

“சரி!”

மூவரும் தோப்புக்குள் போய், விருந்தாளிகளை வரவேற்க வரிசையாக நின்றார்கள். வெளியே நின்ற கழுதை யோசித்தது. யார் மனமும் நோகக்கூடாது! வாசலில் குறுக்கே கயிறு கட்டி, ஆட்டின் படத்தை மாட்டியது. அதன் மேல் நண்டின் படம். அதற்கும் மேல் ஆமையின் படம். வாசல் முழுக்க அடைபட்டுவிட்டது.

அழைப்பை ஏற்றுக் கூழைக்கடாக்கள் வந்து வாசலருகே இறங்கின. தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“கண்காட்சி எங்கே?”

“உள்ளே!”

“உள்ளே எப்படிப் போவது?”

கழுதை வாசலைத் திரும்பிப் பார்த்தது. படங்களின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்த மூவரும் உள்ளேயிருந்து ஒரே கூச்சல்!

“என் முகத்தை யாரு மறைச்சது?” என்று கத்தியது ஆடு.

“என் சூரியனை மேல எடுத்துப் போடு!” என்றது நண்டு.

“என் படத்தைத் தொட்டே, பார்த்துக்கோ!” என்றது ஆமை.

“சரி! சரி! சரி!” என்று கழுதை ஒரு படத்தை மேலே போட்டது, இன்னொன்றைக் கீழே இழுத்தது. கயிறு காலில் சுற்றிக்கொண்டது. தொபுக்கடீர்! கழுதை நாலு காலும் வானம் பார்க்க விழுந்தது.

“புழுதியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? கிளம்புங்கள்!” என்றார் தலைவர். சிறகுகள் விரிந்தன.

கழுதைக்கு அழுகை முட்டியது. எழுந்து நின்று தீவே அதிரக் கத்தியது.

“முடியாது! வாசல்ல ஒருத்தர் படமும் கிடையாது! ஆளுக்கொரு பனைமரம்! மாட்டுற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது!”

எல்லோரும் கப்சிப். விரித்த சிறகுகளைக் கூழைக்கடாக்களும் மடக்கிக்கொண்டன. கழுதை சரசரவென்று மரத்துக்கு ஒன்றாக மாட்டி முடித்தது.

விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள். நண்டின் சூரியனைத் தலை சாய்த்து ரசித்தார்கள். புழுதியில் ஆமையைத் தேடினார்கள். ஆட்டின் படத்தருகே வந்தால், ஆடு பின்னங்கால்களில் எழும்பி நின்று அதை மென்றுகொண்டிருந்தது!

“என்ன செய்கிறாய்?”

“மூக்கு சரியா வரலைங்க, திருத்துறேன்!”

கூழைக்கடாக்கள் தொங்கும் தாடை குலுங்கக் குலுங்கச் சிரித்தன. பொழுது சாயும்வரை ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

எல்லோரையும் திருப்திப்படுத்த எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரால் ஒருவருக்கும் உதவ முடியாது. வேண்டிய இடத்தில் மறுக்கத் தெரிந்தவரே உண்மையில் உதவுகிறார்.