யாரையும் முந்தாமல் கவுதாரி மலையைச் சுற்றியது

கவுதாரி மலையின் அடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் தலைவி பூரணியம்மாள். வயது நாற்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் இருவர் அவரைவிட இருபது வயது மூத்தவர்கள்.

ஒருவர் எத்திராசு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மற்றவர் கோவர்த்தனன், அரிசி ஆலை நடத்தியவர்.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து எத்திராசு பந்தியில் கடைசி இலையில்தான் உட்காருவார். பணிவு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தார். பிறகு வந்த கோவர்த்தனனும் அதே இலைக்கு ஆசைப்பட்டார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கூடத்துக்கு வெளியே, தூண் ஓரமாக நின்றுகொண்டிருப்பார்கள்.

"நீங்க போங்கண்ணே."

"நீங்க உக்காருங்க, நான் வர்றேன்."

பரிமாறுகிற செண்பகம் ரச வாளியோடு நின்று பார்த்தாள். பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் தெருவுல எலை போடட்டுமா?"

எத்திராசு அதையும் யோசித்துப் பார்த்தார்.

ஐப்பசி கடைசி நாளன்று காலையில் பூரணியம்மாள் எல்லோரையும் அழைத்தார். "இன்னிக்குச் சாயந்திரம் விளக்கு ஏத்தினதும் பேச்சை நிறுத்துறேன். ஒரு வருஷம் பேச மாட்டேன்" என்றார்.

எத்திராசு பதறிப்போனார்.

"அம்மா, எனக்குப் பணிவு வந்துடுச்சா இல்லையான்னு நீங்க ஒரு சொல் சொல்லணும். அதுக்காகத்தான் மூணு வருஷமா இங்க கிடக்குறேன். சொல்லாம வாயை மூடிடாதீங்க."

"எனக்கும்" என்றார் கோவர்த்தனன், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று.

பூரணியம்மாள் இருவரையும் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு, சைக்கிளை எடுத்துக்கிட்டு மலையை ஒரு சுத்து சுத்தி வாங்க. வழியில யாரையும் முந்தாதீங்க. விளக்கு ஏத்துறதுக்குள்ள வந்தா சொல்றேன்."

மலையைச் சுற்றி ஒரு சரளைப் பாதை உண்டு. கோட்டைக் காலத்தில் குதிரைகள் போன வழி. இடிந்த மதிலைத் தாண்டி, சமண முனிவர்களின் கல்படுக்கைகள் உள்ள பாறையடியில் ஏறி, மறுபக்கம் புல்வெளியில் இறங்கி, மறுபடி மடத்துக்கே வந்து சேரும். பூரணியம்மாள் தினமும் காலையில் சைக்கிளில் போய்வருவார். இரண்டு மணி நேரம் ஆகும்.

சாப்பிட்ட கையோடு இருவரும் கிளம்பினார்கள். கிளம்பினார்கள் என்று சொல்வது சரியில்லை. சைக்கிளோடு வாசலில் நின்றார்கள்.

"கிளம்புங்க, கோவர்த்தனன்."

"நீங்க மூத்தவர். நீங்க முன்னால போனா நான் உங்களை முந்த மாட்டேன்."

"நீங்க முன்னால போனா நானும்தான் முந்த மாட்டேன்."

செண்பகம் எச்சில் இலைகளோடு வெளியே வந்தாள்.

"நான் வேணா தள்ளி விடட்டுமா?"

வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே நேரத்தில் ஏறி மிதித்தார்கள். ஹேண்டில்பார்கள் ஒரே கோட்டில் போயின. சரளைக்கல்லில் மெதுவாகப் போகிற சைக்கிள் நேராக நிற்காது. இரண்டும் குடித்தவை போல ஆடின.

ஒரு வளைவில் கோவர்த்தனன் சட்டென்று நிறுத்தினார். செயின் கழன்றுவிட்டது என்றார். கழலவில்லை.

எத்திராசும் நிறுத்தினார். தாகம் என்று சொல்லி, காலி பாட்டிலை நெடுநேரம் குடித்தார்.

"அண்ணே, நிக்கிறவரைத் தாண்டிப் போனா அது முந்துறதா?"

"பஸ்ஸுல அது முந்துறதுதான்" என்றார் எத்திராசு.

அதனால் இருவரும் நின்றார்கள். வெயில் பொறுக்காமல்தான் மறுபடி நகர்ந்தார்கள்.

கோட்டை வாசலில் ஒரு பக்கத்துக் கல் சரிந்து கிடந்தது. ஒரு சைக்கிள் போகத்தான் இடம். முப்பது வருடப் பழக்கம் எத்திராசின் வாயில் வந்துவிட்டது.

"முன்னால போங்க, முன்னால போங்க. எடம் இருக்கு."

"நான் டிக்கெட் எடுக்கல" என்றார் கோவர்த்தனன்.

கடைசியில் இருவரும் சேர்ந்தே நுழைந்தார்கள். ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. இழுத்துப் பிரித்தபோது, எத்திராசின் சைக்கிள் மணி கோட்டைக்குள் உருண்டு போயிற்று. அதை எடுக்க முன்னால் போகவேண்டும் என்பதால் அவர் எடுக்கவில்லை.

ஏற்றத்தில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். மேலே போனதும் புல்வெளி முழுவதும் தெரிந்தது. முந்தைய மாத மழையில் புல் இடுப்புயரம் வளர்ந்து, காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அதற்கு நடுவே பாதை வெள்ளைக் கயிறுபோல் கிடந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை. எத்திராசு கோவர்த்தனனின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவர்த்தனன் எத்திராசின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கம் தொடங்கியது. கோவர்த்தனனுடையது மடத்துக்கு மூட்டை சுமக்கிற சைக்கிள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தது.

"அண்ணே, நான் போகல! சைக்கிள் போகுது!"

"போகட்டும், போகட்டும்" என்றார் எத்திராசு. மனம் குளிர்ந்துவிட்டது.

கோவர்த்தனன் இரண்டு காலையும் தரையில் தேய்த்தார். வளைவில் பின்சக்கரம் சரளையில் வழுக்கியது. அவர் விழுந்தார். சைக்கிள் அவர்மேல் விழுந்தது.

எத்திராசு பிரேக்கை அழுத்தி, விழுந்த சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"அடி பட்டுச்சா?"

"பட்டுச்சு. சைக்கிளைத் தூக்குங்கண்ணே."

தூக்குவதென்றால் அந்தப் பக்கம் சுற்றிப் போகவேண்டும். எத்திராசு ஒரு காலை எடுத்து வைத்தார். செயின் கழன்றது என்று சொன்ன ஆள்தானே இவர் என்று தோன்றியது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"நெசமாவே பட்டுச்சா?"

"ரத்தம் வருதுண்ணே!"

"எங்க?"

"முட்டியில! முன்பக்கம்!"

"அதான் எனக்குத் தெரியல."

அவர்களுக்குப் பின்னால், இறக்கத்தின் மேலே, ஆடுகளோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். மடத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் காசியம்மாள். சத்தம் கேட்டதும் கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். எத்திராசை இடித்துக்கொண்டு முன்னால் போய், சைக்கிளைத் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

"யோவ், மனுசன் உழுந்து கெடக்குறான். பாத்துக்கினு நிக்கிற?"

"எனக்கு விரதம்மா."

"சோறு துண்ணாத விரதம் கேட்டிருக்கேன். ஆளைத் தூக்காத விரதமா?"

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கோவர்த்தனனின் முட்டியில் இறுகக் கட்டினாள். அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஆடுகள் அவளைத் தொடர்ந்து போயின.

எத்திராசு பாதை ஓரம் ஒதுங்கி, ஒவ்வோர் ஆட்டுக்கும் வழிவிட்டார். கடைசியாக ஒரு நொண்டிக் குட்டி வந்தது. அது இரண்டு முறை நின்று அவரைப் பார்த்தது. அவர் கையை நீட்டி வழி காட்டினார்.

குட்டியும் தாண்டிப் போனபிறகு, எத்திராசு திரும்பிப் பார்த்தார். பாதையில் ஒருவரும் இல்லை. ஆடுகள் கிளப்பிய புழுதி மூக்கிலும் வாயிலும் ஏறியது. மூன்று வருடத்தில் இவ்வளவு மகிழ்ச்சியாக அவர் இருந்ததில்லை.

மடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காசியம்மாள் கோவர்த்தனனை வாசலில் விட்டுவிட்டு ஆடுகளோடு போய்விட்டாள். செண்பகம் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாள். பூரணியம்மாள் விளக்கின் முன் உட்கார்ந்து திரியை எண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

எத்திராசு புழுதியோடு வந்து நின்றார்.

"அம்மா, நேரத்துக்கு வந்துட்டேன். யாரையும் முந்தல. ஆட்டுக்குட்டியைக்கூட முந்தல."

"கோவர்த்தனன் ஐயாவுக்கு என்ன ஆச்சு?"

"இறக்கத்துல விழுந்துட்டாரு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னாலதாம்மா. அவர் சக்கரத்தைக்கூடத் தாண்டல."

"தூக்கினது யாரு?"

"காசியம்மா."

"அவங்க உங்களுக்கு முன்னால இருந்தாங்களா?"

"இல்லம்மா, எனக்கும் ரொம்பப் பின்னால. ஓடிவந்து என்னை இடிச்சிட்டு முந்திப் போனாங்க. நான் பேசாம நின்னேன்."

பூரணியம்மாள் தீக்குச்சியைக் கிழித்தார். எத்திராசு கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அந்த ஒரு சொல், அம்மா."

குச்சி பாதிவரை எரிந்து வந்தது.

"கடைசி ஆள் நீங்கதான், ஐயா. அதுல சந்தேகமே இல்ல" என்று சொல்லி விளக்கை ஏற்றினார்.