பசிப்பாறைக்குப் போட்டவை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னது ஒரு காகம். எங்கிருந்தோ வந்து என் வீட்டு வேப்பமரத்தில் தங்கிவிட்ட காகம். அது பேசியதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொன்ன கதையில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. காகம் சொன்னபடியே சொல்கிறேன்.

மலைக்குப் பின்னால், பாதையே போகாத ஒரு பள்ளத்தில் சில விலங்குகள் வாழ்ந்தன. அவற்றுக்கு இருந்தது ஒரே ஓர் ஊற்று. ஒரு பெரிய பாறையின் அடியிலிருந்து அது கசிந்து வந்தது. அதே பாறையின் உச்சியில் ஒரு பிளவு இருந்தது. பொழுது சாயும்போது பிளவுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்கும். அதனால் அதற்குப் பசிப்பாறை என்று பெயர்.

"தீனி போடலைன்னா அது நம்மளைத் தின்னுடும்" என்று உடும்பு சொல்லி வைத்திருந்தது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தினமும் ஏதாவது போக வேண்டும். பழத்தோல், எலும்பு, இறகு, பழைய கூடு, எதுவானாலும் சரி. பாறை மேல் ஏறி, பிளவுக்கு முதுகைக் காட்டி நின்று போட வேண்டும். "வச்சுக்கோ" என்று சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது.

போடுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு அவமானம். அதனால் அணில் பாதிப் பழத்தைத் தின்றுவிட்டு மீதியைப் பாறைக்கு எடுத்து வைத்தது. மைனா நல்ல கூட்டைப் பிரித்துப் போட்டது. காகம் இன்னும் கெட்டிக்காரன். மலைக்கு மேலே யாத்திரைக்காரர்கள் விட்டுப்போகும் பிளாஸ்டிக் பைகளைக் கொத்தி வந்து, இல்லாதவர்களுக்கெல்லாம் பங்கு வைத்தது.

"எவ்வளவு பளபளன்னு இருக்கு பாரு. பாறைக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றது காகம்.

முள்ளம்பன்றி மட்டும் எலும்பைப் போடாமல் கொறித்துத் தீர்த்துவிடும். அதன் பல்லுக்கு எலும்பு வேண்டும்.

"பாறைக்குப் போறதையும் விட்டு வைக்க மாட்டியா அக்கா? அப்படி என்ன பஞ்சம்?" என்று அணில் கேலி செய்யும்.

"பஞ்சம் உனக்குடா. பாதிப் பழம் தின்னுட்டு முழு வயித்தைத் தடவுறே" என்று முள்ளம்பன்றி சொல்லும்.

ஒரு கோடையில் ஊற்று மெலிந்தது. பாறைக்குப் பசி அதிகமாகிவிட்டது என்று விலங்குகள் கூடுதலாகப் போட்டன. ஊற்று இன்னும் மெலிந்தது. முனகலும் மாறியது. கனத்த சத்தம் போய், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது போன்ற மெல்லிய சத்தம் வந்தது.

உடும்பு எல்லோரையும் கூட்டியது.

"மீந்ததை இனிமே அது ஏத்துக்காது. உயிர் கேக்குது."



"யாரோட உயிர் மாமா?" என்றது சருகுமான். கேட்கும்போதே தன் குட்டியை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டது.

"இருக்கறதுலயே சின்னது."

"அதுக்கு இன்னும் ஓடக்கூடத் தெரியாது மாமா."

"நல்லதுதானே? பயப்படவும் தெரியாது. நாளைக்குப் பொழுது சாயறப்போ கொண்டு வந்துடு."

சருகுமான் மற்றவர்களின் முகங்களைப் பார்த்தது. எல்லாம் மெலிந்த ஊற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. குட்டியோடு ஓடிவிடலாம் என்றால், அடுத்த தண்ணீர் செந்நாய்கள் திரியும் காட்டைத் தாண்டி இருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் முள்ளம்பன்றி பாறைக்குப் போனது. சருகுமான் பின்னாலேயே வந்தது.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்கு. ஆனா பசிச்சவன் முனகுற சத்தம் எனக்குத் தெரியும்மா. இது வாய் நிறைய அடைச்சுக்கிட்டு மூச்சு விடத் திணறுறவன் சத்தம்."

அது பாறையின் உச்சிக்கு ஏறி, பிளவை நேருக்கு நேர் பார்த்து நின்றது. பிறகு பிளவுக்குள் கால் வைத்தது.

இறங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கால் உடனே எதன் மேலோ பட்டது. அது மெத்தென்று இருந்தது. அது மெல்ல மேலே எழும்பியது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் சிலிர்த்தன. உச்சி வெயில் நேராக உள்ளே விழுந்தது. அதன் காலுக்குக் கீழே பைகள் உப்பி உப்பி அடங்கின. அவற்றுக்கு நடுவே அணிலின் பாதிப் பழங்கள் பல் பதிந்தபடியே கறுத்துக் கிடந்தன. மைனாவின் கூடுகள் கிடந்தன. ஒரு கூட்டில், எடுக்க மறந்துபோன முட்டை ஒன்று உடையாமல் இருந்தது. இத்தனை காலம் எல்லோரும் போட்டது அத்தனையும் அங்கேயே இருந்தது. எதிலும் ஒரு கடி இல்லை.

முள்ளம்பன்றி ஒரு பையை இழுத்தது. அடியிலிருந்து ஒரு நீளமான குளிர்ந்த பெருமூச்சு வந்து அதன் முகத்தில் பட்டது. அதில் தண்ணீர் வாசனை இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் வந்தார்கள். பாறை மேல் ஏறி, பிளவுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். முள்ளம்பன்றி அந்தக் கூட்டை மைனாவின் முன்னால் வைத்தது.

"இது உன்னுதுதானே?"

மைனா முட்டையைப் பார்த்தது.

"அவகிட்டே போகாதீங்க" என்றது உடும்பு. "உள்ள போயிட்டு வந்தவ பழைய ஆளா இருக்க மாட்டா."

"சரி மாமா, நான் பழைய ஆள் இல்லை. நீங்க ஒரு தடவை திரும்பிப் பாருங்க. எங்களுக்கெல்லாம் சொன்னீங்களே, நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

உடும்பு திரும்பவில்லை. சருகுமான்தான் முதலில் திரும்பியது. அதன் கால்களுக்கு நடுவிலிருந்து குட்டியும் எட்டிப் பார்த்தது. பிறகு அணில், பிறகு மைனா. கடைசியில் உடும்பும் திரும்பியது. எட்டித் தொடும் தூரத்தில் அவர்களுடைய வீடுகளின் மிச்சமெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டே வந்திருந்தது. இத்தனை நாளும் யாரும் பார்க்கவில்லை.

"அந்தக் குழியில எறங்க என் நகம்தான் ஒத்து வரும்" என்றது உடும்பு, பிளவின் விளிம்பில் நகத்தைப் பதித்து.

அது ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் போட்டது. எலும்பெல்லாம் முள்ளம்பன்றிக்குப் போனது. நார்களையும் இறகுகளையும் அணில் எடுத்துக்கொண்டது. நல்ல கூடுகள் மைனாவுக்கே திரும்பின. அழுகிய பழத்தைக் காட்டுப்பன்றி கிழங்குக் கொடிகளுக்கு அடியில் புதைத்தது. கடைசியில் பைகள் மட்டும் குவிந்து கிடந்தன.

"இதை யார் எடுத்துக்கறது?" என்றது அணில்.

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தின்ன முடியாது. கூடு கட்டினால் மழைத் தண்ணீர் தங்கிக் குஞ்சு நனையும். புதைத்தால் மக்காது.

"கொண்டாந்தவங்களே எடுத்துட்டுப் போகட்டும்" என்றது முள்ளம்பன்றி.

"நீங்கல்லாம் கேட்டீங்கன்னுதானே கொண்டாந்தேன்?" என்றது காகம்.

"இனிமே கேக்க மாட்டோம்."

காகம் பைகளைக் கொத்திக்கொண்டு மலையைத் தாண்டிப் பறந்தது. திரும்பி வந்தது. மறுபடி பறந்தது. கடைசிப் பை போன பிறகு பாறைக்குள் ஏதோ புரண்டது. ஊற்றில் தண்ணீர் பீறிட்டு வந்தது. முதலில் சருகுமான் குட்டி குடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் யாரும் பாதிப் பழத்தோடு நிறுத்தவில்லை.

வீசி எறிந்தது கண்ணுக்கு மறையுமே தவிர எங்கேயும் போய்விடாது. ஆகவே மீதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மீந்ததை உதவுகிறவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று காகம் கதையை முடித்தது.

இந்தக் கோடையில் என் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் உள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் வருகிறது. நேற்று நான் வேப்பமரத்தடியில் போய் நின்று காகத்திடம் கேட்டேன்:

"அந்தப் பைகளை எல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போட்டாய்?"