சுருட்டி வைத்த இரண்டு வயர்

கோவைக்கு வெளியே ஒரு பட்டறையில் கிருத்திகா பந்தயக் கார்களைச் சீர்செய்துகொண்டிருந்தாள். அவளிடம் வித்தை கற்க வந்த சீடருக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். பெயர் திருமூர்த்தி. ஆயுள் முழுக்கத் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

ஒருநாள் காலை பாயும் தலையணையுமாக வந்து நின்றார்.

“அம்மணி, இனி நான் இங்கயே இருந்துக்கட்டுங்களா? வீட்டுல எனக்கு வேலையில்லீங்க.”

“ஏனுங்ண்ணா?”

“கடையைப் பையன் என்னைவிட நல்லாப் பார்க்கறான். வீட்டை மருமக பார்த்துக்கறா. நான் இல்லாமயே எல்லாம் ஓடுதுங்க.”

“அக்கா?”

“எம் பொண்டாட்டியா? அவ எங்கிட்டப் பேசறதே இல்லீங்க. நான்தான் சோத்துக்கு உட்கார்ந்தா ஊர்க் கதையெல்லாம் சொல்லிட்டிருப்பேன். ‘ம்’ கொட்டுவா. அதோட சரி.”

கிருத்திகா பாயை வாங்கி ஓரமாக வைத்தாள். விரிக்கச் சொல்லவில்லை.

“மொதல்ல இந்த வண்டியை முடிங்க. அப்புறம் சொல்றேன்.”

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. மலைப் பந்தயத்துக்குப் போக வேண்டியது. கம்பெனி வைத்த என்ஜின் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வயர் இணைக்க வேண்டும்.

திருமூர்த்தி சோறு தண்ணி மறந்து உழைத்தார். இன்ஜெக்டர், இக்னிஷன், சென்சார் என்று என்ஜினுக்கு வேண்டிய ஒவ்வொரு வயரையும் தேடிப் பிடித்துச் சேர்த்தார். கடைசியில், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போகும் இரண்டு வயர் மிஞ்சியது. என்ஜினோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. டேப் சுற்றி, சுருட்டி, உள்ளே தள்ளிவிட்டார்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. பழைய பெட்டியில் கேட்காத உறுமல். மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. புதுப் பெட்டி என்றால் அப்படித்தான் எரியும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தார் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டே வந்தார்.

“ஓடுதுங்க அம்மணி!”

“ஓடுதுங்ண்ணா.”

அவள் ஹோஸைப் பிடித்துப் பட்டறைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டை நனைத்தாள். பிறகு தானே வண்டியில் ஏறினாள்.

“நான் மிதிக்கறேன். நீங்க பாருங்க.”

வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழன்றன. பின்சக்கரங்கள் அசையவே இல்லை.

திருமூர்த்திக்கு முகம் தொங்கிப் போயிற்று.

அவள் இறங்கி வந்து, உள்ளே கைவிட்டு, சுருட்டிய வயர்களை வெளியே இழுத்தாள். “இது என்னங்ண்ணா?”

“மிஞ்சினதுங்க. அதுல இருந்து என்ஜினுக்கு ஒண்ணும் வரலீங்க.”

“வராது. பழைய பெட்டி இது வழியாத்தான் பேசிட்டிருந்துச்சு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சிருக்காங்க, என்ஜின் எவ்வளவு இழுக்குதுன்னு ஓயாம சொல்லிட்டிருக்கும். பின்னாடி ஒரு சின்னப் பெட்டி இருக்குது. அதைக் கேட்டுத்தான் பின்சக்கரத்தைச் சேர்த்துவிடும்.”

“அது திருப்பி ஒண்ணும் சொல்லாதுங்களா?”

“சொல்றது குறைச்சல். கேட்டுட்டே இருக்கும்.”

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. டேப்பைப் பிரித்து, அந்த இரண்டையும் புதுப் பெட்டியில் சேர்த்தார். என்ன பேச வேண்டும் என்பதைக் கிருத்திகா லேப்டாப்பில் அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. சாயங்காலம் அதே மேட்டில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க, வண்டி உச்சியில் போய் நின்றது.

திருமூர்த்தி கை கழுவிக்கொண்டு வந்தார். பாய் வைத்த இடத்திலேயே இருந்தது.

“அம்மணி, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலீங்களே.”

கிருத்திகா பாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வீடு ஓடுதுன்னு சொன்னீங்களேண்ணா. எத்தனை சக்கரத்துல ஓடுதுன்னு பார்த்துட்டு வாங்க.”