குப்பைக்குழியில் புறாப்பூ

சித்திரை பிறந்து பத்து நாளாகியும் செடி துளிர்க்கவில்லை. நல்லபெருமாள் குனிந்து அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. வேர் அழுகிக் கருத்திருந்தது.

மனுஷன் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். வயது அறுபத்தாறு. நாலு வருஷத்துக்கு முன் மன்னவனூர் மலைச்சரிவில் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்தபோது கையில் ஒரு பெயின்ட் டப்பாவும் அதற்குள் இந்தச் செடியும் இருந்தன. நர்சரிக்காரர்கள் கொலம்பைன் என்பார்கள். அவர் மனைவி மரகதம் வைத்த பேர் புறாப்பூ. பூவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஐந்து புறா தலையைச் சேர்த்துவைத்துத் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்குமாம். இந்த ஜாதியில் பெரும்பாலும் வாசம் தெரியாது. இது மட்டும் நாலு வீடு தள்ளி மணக்கும். மரகதம் போய்ச் சேர்ந்த பிறகு அவளுடையது என்று தனக்கு மிஞ்சியது இந்த வாசம் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குரு தவமணியம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஞானம் கேட்டு வந்தவரிடம் ஒரு களைக்கொத்தியைக் கொடுத்து, "பாத்தியைப் பாருங்க ஐயா, போதும்" என்றார்.

சர்வேயர் பார்த்தால் கேட்கவா வேண்டும்? நாலு மூலைக்கும் கல், கல்லுக்குக் கல் கயிறு, நட்டநடுவில் செடி. சுற்றிலும் கொத்தமல்லி இலை மாதிரி எது தலைகாட்டினாலும் அன்றைக்கே பிடுங்கி, மாட்டுக்கொட்டகைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, பின்னால் இருக்கும் குப்பைக்குழியில் எட்டிக்கூடப் பார்க்காமல் வீசிவிடுவார். காய்ந்த பூத்தண்டுக்கும் அதே கதிதான். அந்தச் சுத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் அப்படிக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, மகள் பொன்னருவி இடுப்பில் குழந்தையோடு ஆசிரம வாசலில் வந்து நின்றாள். அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டில் குடியிருக்கிறவள். நல்லபெருமாள் தலையைத் தூக்கவில்லை. "போகச் சொல்லுங்கம்மா" என்றார். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

பக்கத்தில் அவரைப்பந்தல் கட்டிக்கொண்டிருந்த தவமணியம்மா அப்போது ஒன்று கேட்டார்.

"களைன்னு எப்படி ஐயா கண்டுபிடிக்கிறீங்க?"

"இதுல என்னம்மா சூட்சுமம்? நான் வெச்ச இடத்துல வெச்சபடி நிக்கிறது செடி. மத்ததெல்லாம் களை."

அம்மா பந்தலைக் கட்டி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது செத்த வேரைத் தூக்கிக்கொண்டு அவர் சமையல்கட்டு வாசலுக்கு ஓடினார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"மரகதம் ரெண்டாந்தடவை செத்துட்டாம்மா."

அம்மா வேரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நாலு வருஷம் ஆச்சுல்ல. இதோட ஆயுசு அவ்வளவுதான்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க?"

"விதை எடுத்து வெச்சீங்களா?"

"இல்லை."

"தானா முளைச்சது ஏதாச்சும்?"

"என் பாத்தியில தானா எதுவும் முளைக்க நான் விட்டதே இல்லையே."

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். நல்லபெருமாள் பின்னாலேயே போனார். கொட்டகையைத் தாண்டவில்லை, அதற்குள் அந்த வாசம் வந்து முகத்தில் மோதியது. அவருக்குத் திக்கென்றது. மரகதம் குளித்துவிட்டுக் கூடத்தைக் கடந்து போனாற்போல் இருந்தது.

குப்பைக்குழி முழுக்கப் புறாப்பூ. சந்தன வெள்ளை, ஊதா, வெளிறிய ரோஸ், ஒன்றுபோல் ஒன்று இல்லை. கீழே கொத்தமல்லி மாதிரி இலை. அந்த இலையை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கையால் பிடுங்கியதுதானே.

குழியோரம் குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"களைன்னு நான் வீசினது."

"ஆமா ஐயா."

"பார்த்துக்கிட்டே இருந்தீங்களேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னைக்குக் கேட்டேன். நீங்க அளந்து பதில் சொன்னீங்க."

அவருக்கு என்ன தோன்றியதோ, கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கப் போனார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணே ஒண்ணும்மா. பெயர்த்து என் பாத்தியில வெச்சுக்கிறேன்."

"இது ஆணிவேர்ச் செடி. பிஞ்சா இருந்தப்போ பிடுங்கினீங்க, தாங்கிக்கிச்சு. இப்போ வேர் இறங்கியாச்சு. தொட்டா செத்துடும்."

"அப்போ நான் எப்படிம்மா..."

"வேணும்னா நீங்கதான் அது இருக்கிற இடத்துக்குப் போகணும்."

நல்லபெருமாள் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"வத்தலக்குண்டுக்கு பஸ் எத்தனை மணிக்கும்மா?"

"பத்துக்கு" என்றார் தவமணியம்மா. "மண்வெட்டியை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."